செவ்வாய்க்கிழமை பத்து மணி

சார்,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கால் பயிற்சி கொடுக்க, உங்கள் இடத்துக்குப் பசறை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் புது மிஸ், என் மகளின் பழைய சிகிச்சை அட்டையை எடுத்துவந்து எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வாசித்தார். நீங்கள் இங்கிலீஷில் எழுதியதை அவர் தமிழில் சொன்னார்: ‘தாய் ஒத்துழைக்கவில்லை. நிறுத்தப்பட்டது.’ நீங்கள் இறந்து இரண்டு வருடமாகிறது. ஆகட்டும். திட்டத்தான் எழுதுகிறேன்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் இறுக்கம், பேச்சும் வரவில்லை. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு வருவீர்கள். பத்து மணிக்கு எந்தத் தோட்டத்துத் தாய் லயத்தில் இருப்பாள்? விடியற்காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டு நான் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பேன். மகள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் இருப்பாள். நீங்கள் அங்கே போய் அவள் காலை நீட்டி மடக்கிவிட்டு, பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கத் தாயைத் தேடுவீர்கள்.

ஒருநாள் கங்காணியிடம் கெஞ்சிக் கூடையோடு ஓடி வந்தேன். நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டீர்கள்.

“ஞாயித்துக்கெழம வாங்க சார். நாள் பூரா இருப்பேன்.”

“ஞாயிறு எனக்கு லீவும்மா. புள்ளைய விட கொழுந்தா பெருசு?”

காம்பராவில் நீங்கள் வாங்கிக் குடித்த தேத்தண்ணிக்கு யார் கொழுந்து எடுத்ததாம்?

ஒன்றை மறுக்கமாட்டேன். காம்பராவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அவள் பிடித்து நிற்க நீங்களே வழி செய்தீர்கள். வேலை தெரிந்த மனுசன். அதற்குப் பிறகு சில மாதங்களில் வரவை நிறுத்திக்கொண்டீர்கள்.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மிஸ் முட்டியை அழுத்திப் பார்த்தார். “இனி நிமிராது அக்கா. அப்பவே விடாம செஞ்சிருக்கணும்” என்றார். சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பி இன்னொரு வரியை வாசித்தார்: ‘இன்று பிடியை விட்டு நான்கு அடி நடந்தாள்.’

எனக்குத் தெரியாது சார். ஆயா உள்ளே கைக்குழந்தைகளோடு இருந்திருப்பாள். மகளுக்குச் சொல்ல வாயில்லை. நீங்கள் அட்டைக்குச் சொன்னீர்கள், பெற்றவளுக்குச் சொல்லவில்லை. மலையடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் கூடையைப் போட்டுவிட்டு வந்திருப்பேனே.

அவள் நடந்ததைப் பார்த்த கண் உங்களுடையது மட்டும்தான். உங்களோடு அதையும் எரித்துவிட்டார்கள். இனி யாரிடம் கேட்பேன், என் பிள்ளை எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தாள் என்று?