எடுத்ததும் திட்டுவார்

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குட்டிப்பயலும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி ஏது, நீதான் எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு போய்விட்டாயே. இங்கே நான் நலம், பாப்பாவும் நலம். உன் அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறு, வருகிறேன்.

கையில் போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். பாப்பா என் போனை ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரோடு கோத்துவைத்திருக்கிறாள். நான் யாருக்கு என்ன அனுப்பினாலும் அது அங்கே பெரிய திரையில் வந்து நிற்கிறது. எங்கள் மேலதிகாரியைப் பற்றித் தோழிக்கு நான் எழுதியதை உன் அண்ணன் ஒருநாள் உரக்கப் படித்து, மார்க் வேறு போட்டார். இதை எப்படிப் பிரிப்பது என்று பாப்பாவைக் கேட்டால், "ரொம்ப ஈஸிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். படிப்பையே முடிக்கப் போகிறாள், இன்னும் பாப்பாதான். இந்த வீட்டில் ஒரு விஷயத்தை மறைக்கவேண்டும் என்றால் காகிதம்தான் கதி.

ஆபீஸிலிருந்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு தடவை நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய். அதனால்தான் மகனைப் பார்க்க உன் ஊருக்கு வரும் என் தோழி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலதிகாரி விஷயத்தில் மாட்டிய அதே தோழிதான். அவளுக்கு ஒரு காபி கொடு.

எனக்கு அதே தண்ணீர் வரி கவுன்டர்தான். குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள், ஏதோ நான் குடித்துத் தீர்த்துவிட்ட மாதிரி. ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று உன் அண்ணன் சொன்னார். மாறினால் நாசமாகப் போகும் என்று நீ சொன்னாய். ஆட்சி மாறிவிட்டது. கவுன்டரில் இருந்த படம் மாறியிருக்கிறது. எங்கள் தெருமுனைப் பள்ளம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, இரண்டு கட்சிக்காரர்களும் அதில்தான் விழுந்து எழுந்து போகிறார்கள். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று மட்டும் உங்கள் இரண்டு பேருக்கும் சாகும்வரை சொல்லமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். எதிரும் புதிருமாகத் திட்டிக்கொண்ட தலைவர்கள் எல்லாம் கூட்டணி மாறி, ஒரே மேடையில் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். நீங்கள் இரண்டு பேர் மட்டும் இன்னும் பிரசாரத்தை முடிக்கவில்லை. "ஓட்டுப் போட வராதவனுக்கு என்னடா பேச்சு" என்று அவர் குடும்பக் குரூப்பில் போட்டது தப்பு. அதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஆனால், உங்களை மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் ஊரை விட்டே வந்தேன் என்று நீ எழுதினாய் பார், அதைப் படித்துவிட்டு அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது நீ குரூப்பிலிருந்தே வெளியேறியிருந்தாய்.

இப்போது அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறோம் என்று நினைத்துப் பார். அவர், நான், பாப்பா. கால்பந்தில் எனக்குப் பந்து வட்டமாக இருக்கும் என்பது மட்டும் தெரியும். பாப்பாவுக்கு அதுவும் தேவையில்லை. ஆனாலும் மேட்ச் நடக்கும்போதெல்லாம் உன் அண்ணன் ஹாலில் நின்றுகொண்டு அந்தக் குரூப்பில் பேசி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கோல்கீப்பர் தூங்குகிறான், ரெஃபரிக்குக் கண் தெரியவில்லை, அந்தப் பந்தைக் கொடுக்காமல் இவனே வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான். ஹாலில் அவர் கத்துவது ஒரு தரம் கேட்கும், அடுத்த நொடி சமையல்கட்டில் என் போனிலிருந்து மறுபடி கேட்கும். அவன் இதில் இல்லையே, யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கைப்பழக்கம் என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை. கோல் போட்டால் மட்டும் கைதட்டும் படம் ஒன்று போட்டுவிடுவேன். எந்த அணி போட்டது என்று பார்ப்பதில்லை, அதற்கும் திட்டு விழுந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அவருக்குக் குரல் கம்ம ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகிறது. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச், பிரேக்" என்று கத்துகிற டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குத் தொண்டை கட்டினால் யார் சந்தேகப்படுவார்கள்? மிட்டாய் சப்பினார், வெந்நீர் குடித்தார். வண்டியில் வழி சொல்கிற போன் அம்மாவோடு சண்டை போட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று நான் கேலி செய்தேன். அவள் வலது என்றால் இவருக்கு இடதுதான் சரியென்று படும். பிறகு ஒருநாள், புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம் பிரேக் என்று கத்தியிருக்கிறார். வாய் திறந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. அவர் பக்கத்து பிரேக்கை மிதித்துத்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டாக்டரிடம் போகலாமா என்று அவராகவே கேட்டார். பல்வலிக்கே டாக்டர் வாசலை மிதிக்காத மனுஷன்.

அது நல்ல கட்டி இல்லை தம்பி. குரல்வளையோடு சேர்த்து எடுக்கவேண்டுமாம். வேறு எங்கும் பரவவில்லை, எடுத்துவிட்டால் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். அவர் அலுத்துப்போகும் அளவுக்கு அதையே நான் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஆள் நமக்குக் கிடைத்துவிடுவார். குரல் கிடைக்காது. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று கண்டிஷன். சொன்னால் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திரும்பிவிடுவாராம். ஏன் என்று சண்டை போட்டேன். "பரிதாபப்பட்டு அவன் பேசுறதுக்கு, பேசாமலே இருக்கட்டும்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பாப்பாதான் இந்த வீட்டில் தைரியமாக இருக்கிறாள். அல்லது அப்படி நடிக்கிறாள். முதலில் அவர் போனில் ஒன்று போட்டுக்கொடுத்தாள், நாம் தட்டுகிற எழுத்தை அது படித்துக்காட்டும். உன் அண்ணன் பிரேக் என்று தட்டினார். ஒரு பெண் குரல், உட்காருங்கள் டீ சாப்பிடலாம் என்கிற மாதிரி, அவ்வளவு நயமாகப் பிரேக் என்றது. இவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டி சுவரில் போய் நிற்கும் என்றார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை.

பிறகு அவளே எங்கோ தேடி இன்னொரு வழி கொண்டுவந்தாள். குரல் இருக்கும்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிந்துவைத்தால், பின்னால் அந்தப் போன் அவர் குரலிலேயே பேசுமாம். கம்மிய குரல்தான், ஆனாலும் அவர் குரல். அதிலேயே வாக்கியங்கள் வரும், வரிசையாக வாசிக்கவேண்டும். நமக்கு வேண்டியதையும் தனியாகச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். வெளிச் சத்தம் கேட்கக்கூடாது என்பதால், தினமும் மத்தியானம் வாசலில் நிற்கும் ஸ்கூல் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுகிறார். காற்று இன்று இதமாக வீசுகிறது என்று எதற்காக நான் சொல்லவேண்டும், என் வாழ்நாளில் இதை யாரிடமும் சொன்னதில்லையே என்று எரிந்து விழுகிறார். ஆனாலும் வாசிக்கிறார். தெருவில் போகிறவர்கள் பார்த்தால், தனியாகக் காரில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசும் ஒரு மனுஷன்.

நேற்று வெந்நீர் கொண்டுபோனேன். வெயில் தாங்காமல் பின்கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

போன் கொடுத்த வாக்கியங்கள் முடிந்துவிட்டன போலிருக்கிறது. அவர் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் போட்ட பெயரை இல்லை, அவர் உனக்கு வைத்த பெயரை. "சுண்டு." கொஞ்ச நேரம் விட்டு, "டேய் சுண்டு." பிறகு கோபமாக ஒரு சுண்டு. மாடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி நீட்டி ஒரு சுண்டு. "சுண்டு, சாப்பிட்டியா?" "சுண்டு, அது ஆஃப்சைடு இல்லடா, கண்ணை நல்லாத் திறந்து பாரு." "சுண்டு, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லு." உன் மகனுக்கும் ஒன்று வைத்திருக்கிறார். "பெரியப்பா பேசுறேன்டா கண்ணா." அதை மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலைந்து தரம் சொன்னார், எதிலும் அவருக்குத் திருப்தி இல்லை.

கடைசியாக, "சுண்டு, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி "சுண்டு, அன்னைக்கு நான்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. தொண்டை ஒத்துழைக்கவில்லையா, மனசு வரவில்லையா, எனக்குத் தெரியாது. டம்ளர் சூட்டில் என் விரல் எரிந்தது, அப்படியே நின்றேன். திரும்பிப் பார்த்துவிட்டார். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்றார். சரி, வெந்நீரைக் குடியுங்கள் என்று கொடுத்துவிட்டு உள்ளே வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

தம்பி, நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ அரை டிராயர். உனக்கு ஜுரம் என்றால் நாங்கள் இரண்டு பேரும்தான் மாறி மாறி விழித்திருந்தோம். அந்த உரிமையில் கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் அவரைக் கூப்பிடு. டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடிவருவது எல்லாம் பிறகு. முதலில் கூப்பிடு. மத்தியானம் நேரம் நல்லது, காரில் தனியாக இருப்பார்.

ஆபரேஷன் விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. தழுதழுத்தாயானால் உடனே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் எனக்கும் அவருக்கும் விவாகரத்துதான். பாசமாகப் பேசினாலும் சந்தேகப்படுவார், உனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும். போன மேட்சைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொல். எந்த ஆட்டக்காரனை அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாரோ, அவனுக்கு விளையாடவே தெரியாது என்று சொல். தேர்தலை இழுத்தாலும் பரவாயில்லை.

எடுத்ததும் திட்டுவார். இத்தனை மாதத்துக்கும் சேர்த்துத் திட்டுவார். பதிலுக்கு நீயும் ஒன்றிரண்டு சொல், ஆனால் போனை மட்டும் வைத்துவிடாதே. நடுவில் இருமுவார், குரல் உடையும், தொண்டை வலிக்குமே என்று நீ நிறுத்தச் சொல்லாதே. நாளைக்கு அந்தப் போன் அவர் குரலில் சாப்பிட்டியா என்று கேட்கும், போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கும். உன்னைத் திட்டுவதற்கு அவர் ஒரு வாக்கியம்கூடப் பதிந்துவைக்கவில்லை தம்பி. அதை உன்னிடம் தன் வாயால்தான் சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறார்.

காதாரக் கேட்டுக்கொள். மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணி