பள்ளத்தாக்கு வண்டி

கருகிய கியர் ஆயில் வாசனை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன், ஊதுபத்தி கொளுத்தினேன், கடுகு தாளித்துக்கூடப் பார்த்தேன். போகவில்லை. அடிப்பிடித்த வெல்லப்பாகில் ரப்பரைப் போட்ட மாதிரி ஒரு நெடி. கொட்டகையில் உங்கள் கப்பல், அந்தப் பெரிய கார், நாலு ஸ்டாண்டு மேல் ஏறி நிற்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் தேனி மெக்கானிக் சேகர் படுத்திருக்கிறார். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழைய டிக்காஷன் நிறத்தில் இருந்தது, அடியில் கறுப்பாக மண்டி. ஆமாம், மறுபடியும் அதே மாதா கோயில் வளைவில்தான். இந்தத் தடவை பக்கத்து சீட்டில் நீங்கள் இல்லை.

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. படத்துக்கு முன்னால் நின்று பேசுகிற வழக்கமும் எனக்கு இல்லை. இன்று காலையில் சேகர் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பிறகு, இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவதென்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சேகர் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீங்கள் எல்லாவற்றையும் ஒரு தடவை என் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்.

வண்டி வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. போடிமெட்டுக்கு மேலே ஏதோ ஒரு எஸ்டேட்டில் கோழி அடைந்து கிடந்த பழைய வெளிநாட்டுக் கார். என்னைவிட வயதில் மூத்தது. நம் வீட்டு வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவருக்கு இது தேவையா, ஊர் சிரிக்கப் போகிறது என்று நான் கத்தினேன். நீங்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏ புள்ள, கத்தாம குனிஞ்சு பாரு. கிளட்ச் இருக்கா? ரெண்டே மிதிதான். ரெண்டும் வலது காலுக்கு."

குனிந்து பார்த்தேன். கியர் தண்டும் கீழே இல்லை, ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு ஒரு குச்சி மாதிரி இருந்தது. நடக்கப் பழகும் முன்பே போலியோவில் சூம்பிப்போன என் இடது காலுக்கு அந்த வண்டியில் ஒரு வேலையும் கிடையாது. அதுவரை என் காலுக்கு எல்லோரும் ஆறுதல்தான் சொல்லியிருந்தார்கள். நீங்கள் மட்டும் அதற்குத் தோதாக ஒரு வண்டியைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் வந்த பிரியத்துக்கு அளவே இல்லை. அதையும் இந்தக் கடிதத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் நியாயம் இல்லை.

சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் ஓட்டிப் பழகினேன். பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் நீங்கள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "யாத்தே" என்பீர்கள். பஸ் படி என் இடுப்பு உயரம். கையைக் கொடுத்துத் தூக்கிவிடுகிறவர்களின் இரக்கப் பார்வை அதைவிட உயரம். அதெல்லாம் இல்லாமல் கம்பத்திலிருந்து தேனிக்குத் தனியாகப் போய்விட்டு வந்த நாள், கடைவீதியில் வேண்டுமென்றே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன். வாழைக்காய் மண்டிக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஆனால் கப்பல் குடித்தது. பெட்ரோலை அது குடித்த குடிக்கு உங்களுக்குத் தூக்கம் போயிற்று. கடைக்கு வருகிறவர்கள் "பங்க்குக்காரரு பொண்ணத்தான் கட்டிருக்கணும் நீயி" என்று கேலி பேசினார்கள். நீங்கள் சிரித்துவிட்டு வந்து, மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரோஸ்லின் வந்தாள். போடியில் என்னோடு படித்தவள், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு மலைமேல் குமுளியில் சொந்தமாக ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோர் வைத்திருந்தாள். நானும் போடி கடைவீதியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள்தானே. காயை உள்ளங்கையில் உருட்டினால் எந்தப் பக்கத்துத் தோட்டம், எத்தனை நாள் உலர்ந்தது என்று எனக்குத் தெரியும். "தரம் பிரிக்கிற பொறுப்பு முழுசும் ஒன்னுது. ஒரு ரெண்டு வருசம் கழிச்சு பங்காளியா சேத்துக்கிறேன். காலைல வந்துட்டு சாயங்காலம் போ. அதான் காரு இருக்கே" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் போன பிறகு உங்களிடம் கேட்டேன். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி, "பாப்போம்" என்றீர்கள்.

உங்கள் வீட்டில் யாரும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் அப்பா, உங்கள் தம்பி, நீங்கள், எல்லோருக்கும் ஒரே சொல்தான். பாப்போம். நகை அடகிலிருந்து எப்போது வரும், பாப்போம். ஊட்டிக்குப் போகலாமா, பாப்போம். சண்டை போடவும் முடியாது, ஏனென்றால் நீங்கள்தான் மறுக்கவே இல்லையே.

அடுத்த மாதமே ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தீர்கள். மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் இதே ரகத்துக்கான கிரவுனும் பினியனும் கிடைத்துவிட்டதாம். பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற பல்சக்கர ஜோடி. எனக்குப் புரியட்டும் என்று சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றிக் காட்டினீர்கள்.

"இப்ப எஞ்சின் நாலு சுத்து சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து. புதுசு மாட்டுனா மூணே சுத்து. எஞ்சினுக்கு அலுப்பு இல்ல, பெட்ரோலும் மிச்சம்."

சேகர்தான் வந்து மாட்டினார். மறுநாள் தேனிக்குப் போனோம். உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. அதுவரை இரைந்துகொண்டே ஓடிய எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டு போயிற்று. சின்னமனூர் தாண்டும்போது நீங்கள் பாட ஆரம்பித்துவிட்டீர்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மீட்டர் பழைய கணக்கிலேயே ஓடியதால், வீரபாண்டியும் தேனியும் முன்னைவிடக் கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரி காட்டியது. "பாத்தியா, ஊரையே பக்கத்துல இழுத்துட்டேன்" என்றீர்கள். நானும் சிரித்தேன். ஊர் சுருங்குவது நல்லதில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோஸ்லினைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று நானேதான் உங்களைக் கிளப்பினேன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறியதும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. கியர்பாக்ஸ் தானாக மேலே போகும், தாங்காமல் கீழே வரும், மறுபடி மேலே போகும். நான் மிதிக்க மிதிக்க எஞ்சின்தான் கத்தியதே ஒழிய வண்டி நகரவில்லை. மாதா கோயில் வளைவில் இந்த வாசனை முதன்முதலாக வந்தது. அப்புறம் புகை. பின்னால் தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. "சேட்டா, சைடாக்கு, சைடாக்கு" என்று ஒரு மலையாளத்து டிரைவர் இறங்கி வந்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தள்ளி ஓரங்கட்டினார். நடக்க உதவும் இரும்புக் கேலிப்பர் மாட்டிய காலோடு நான் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே நம் பள்ளத்தாக்கு முழுசும் தெரிந்தது. தென்னை, வயல், ஆறு, எல்லாம். சுற்றிலும் மலை.

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "இது பள்ளத்தாக்கு வண்டி புள்ள. நமக்கு எதுக்கு மலை?"

நமக்கு என்றீர்கள். எனக்கு வேண்டியிருந்தது. அதை அங்கேயே சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் சட்டையெல்லாம் ஆயிலும் வியர்வையுமாக இருந்தது. ஊர் பார்க்க நிற்கிற மனிதரிடம் என்ன பேசுவது? நியூட்ரலில் போட்டு, பிரேக்கை நம்பி உருண்டு இறங்கினோம். கியர்பாக்ஸைச் சரிசெய்து கொடுத்தீர்கள். ரோஸ்லினிடம் முடியாது என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்குக்குள் கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் எத்தனை வருஷம் போய்ப்போய் வந்தேன். தரையில் வண்டி பறந்தது. எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். இதில் குறை சொன்னால் அடுக்குமா என்று என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். மூச்சு முட்டும் சில நாள் மேகமலையைப் பார்த்துக்கொண்டு வண்டியை ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து கடையில் கூட்டம் என்பேன்.

போன வைகாசியில் கடையிலேயே உட்கார்ந்தபடி நீங்கள் போய்விட்டீர்கள். மாடியில் உங்கள் தம்பி குடும்பம். நல்ல மனிதர்கள், ஒரு குறையும் வைப்பதில்லை. காலையில் காபி வருகிறது, சாயங்காலம் "எங்கன போயிட்டு வாறீக மதினி?" என்ற கேள்வி வருகிறது. பிள்ளை இல்லாதவளை ஒத்தையில் விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசிவிடக் கூடாதாம். வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். நான் எங்காவது போக வேண்டுமென்றால் அவரே கூட்டிப்போவாராம். அவர் கூட்டிப்போகிற இடத்துக்கெல்லாம் நான் போய் என்ன செய்யப்போகிறேன்?

ரோஸ்லின் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவளுக்கும் முடியவில்லை, மூட்டு வலி. வீரபாண்டித் திருவிழா முடிவதற்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆளை வைக்க வேண்டும் என்றாள். யாரிடமும் சொல்லாமல் முந்தாநாள் காலையில் வண்டியை எடுத்தேன். ஒருவேளை நான் அன்றைக்கு ஓட்டியதில்தான் பிழையோ என்று ஒரு நப்பாசை. பிழை இல்லை. அதே வளைவு, அதே வாசனை, அதே ஹாரன். ஒரு லாரியில் ஏற்றித்தான் வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

இன்று காலை சேகர் தட்டைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "உள்ள தட்டெல்லாம் கருகிப்போச்சுக்கா. மாத்திரலாம். ஆனா பின்னாடி இந்தக் கிரவுன் இருக்குற வரைக்கும் மலைக்குப் போனா மறுபடி கருகத்தான் செய்யும்."

"அவுகளுக்கு அப்ப இது தெரியாமப் போச்சே" என்றேன். உங்களை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னேன்.

சேகர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணனுக்குத் தெரியும்க்கா. மாட்டுற அன்னைக்கே சொன்னேன், அண்ணே இது தரையில பறக்கும், மலையில படுத்துரும்னு. 'தெரியும்டா, மாட்டு'ன்னாக."

ஸ்டாண்டு மேல் நின்ற வண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். பிறகு கேட்டேன், "பழசு என்னாச்சு?"

"எங்கிட்டதான் இருக்கு. ஜோடியா கிரீஸ் தடவி சாக்குல சுத்தி வச்சிருக்கேன். விக்கக் கூடாதுன்னுட்டாக. 'எம்பொண்டாட்டி கேட்டா மறுபேச்சு பேசாம மாட்டிக் குடுத்துரு'ன்னாக."

"இத்தன வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையேக்கா."

எப்படிக் கேட்பேன்? இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? கதவைச் சாத்தினீர்கள். சாவியைத் தூக்கி எறிய உங்களுக்கு மனசு வரவில்லை, என் கையில் கொடுக்கவும் மனசு வரவில்லை. தேனியில் அடுத்தவன் பட்டறையில் கொண்டுபோய் வைத்தீர்கள். நான் ஒரு நாள் ஆத்திரப்பட்டுக் கேட்பேன் என்று காத்திருந்தீர்களா, இவள் கேட்கவே மாட்டாள் என்று நிம்மதியாக இருந்தீர்களா? இதைத்தான் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏலக்காயை உருட்டிச் சொல்லிவிடுவேன். உங்களை இத்தனை வருஷம் உருட்டியும் தெரியவில்லை.

ஏன் செய்தீர்கள் என்பது மட்டும் தெரியும். மதியம் கடையை அடைத்துவிட்டு வேகாத வெயிலில் வீட்டுக்கு வருவீர்கள். நான் எதிரில் உட்கார வேண்டும். "ஒத்தையில சாப்பிட்டா சோறு எறங்காது புள்ள" என்பீர்கள். நான் குமுளியில் இருந்தால் அந்த மதியம் உங்களுக்கு இல்லை. அதைச் சொல்லியிருந்தால் நானே யோசித்திருப்பேனோ என்னவோ. சண்டையாவது போட்டிருப்போம். நீங்கள் சொல்லாமல் கிரவுனை மாற்றினீர்கள். இப்போது நான்தான் ஒத்தையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நீங்கள் சொன்னது நிஜம்தான், இறங்கவில்லை.

சேகரிடம் "மாட்டுங்க" என்றேன். மத்தியானத்துக்குள் அவர் தேனிக்குப் போய்ச் சாக்கு மூட்டையோடு வந்துவிட்டார். அவிழ்த்ததும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். நல்ல கனம். துரு ஒரு பொட்டு இல்லை. அவ்வளவு பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

சத்தம் கேட்டு உங்கள் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. "என்ன மதினி, பழசப் போட்டா மைலேஜ் போயிருமே. அண்ணன் ஆசையா மாத்துனது. ஒத்தையில மலையில போயி என்ன செய்யப் போறீக? இங்கனக்குள்ள ஓட்ட இது போதாதா? சேகர அனுப்பிச்சு விடுங்க. வண்டிய வித்துருவோம்."

அவரை ஏறிட்டுப் பார்த்தேன். மூக்கும் நெற்றியும் உங்களுடையதுதான். கோபமாகப் பேச வரவில்லை.

"பாப்போம்" என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைதானே, அந்தச் சொல்லுக்குப் பொருள் அவருக்குத் தெரியாதா? நின்று பார்த்துவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். நீங்கள் விட்டுப்போனதில் இந்தச் சொல்லைத்தான் முதன்முதலாக நான் எடுத்துப் புழங்கியிருக்கிறேன்.