அக்கா, உன் மகள் பாய்லரை நிறுத்திவிட்டாள்

என் உயிரான ஞானக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்க முடியாத கடிதம் இது. ஆனாலும் அப்படிக் கேட்காமல் எனக்கு எழுத வரவில்லை. இந்த மழையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சபை மலரில் போட நாலு வரி எழுதித் தா என்று போதகர் சொன்னார். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு வரியில் சொல்லி முடிக்கிற வித்தை எனக்குத் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. உன் மகள் அபிஷா நம்முடைய கையுறைக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். உன்னையும் என்னையும் போலப் பேக்கிங்கில் இல்லை. பாய்லரும் மோட்டாரும் பார்க்கிற இன்ஜினியராக.

ஷிபு சாரை உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வேலையை அவர்தான் பார்த்தார். ஒருநாள் கூச்சப்பட்டுக்கொண்டு உன்னிடம் வந்து, "சேச்சி, கல்ஃபுக்கு எழுதிப் போட்டிருக்கேன், ஒண்ணு பிரார்த்திக்கணும்" என்றார். புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் நீ அதைத்தான் முதல் விண்ணப்பமாக வைத்தாய். பேக்கிங் பெண்கள் எல்லாரும் மத்தியானச் சோற்றை விட்டு உபவாசம் இருந்தோம். விசா வந்தது. அவர் கம்பெனி முழுக்கக் கேக் கொடுத்தார், நாம் கை தட்டினோம். இனி பாய்லரை யார் பார்ப்பார் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. தன் கம்பெனி இன்ஜினியரைத் தானே ஜெபம் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பிய கூட்டம் வேறு எங்கேயாவது உண்டா அக்கா?

அவருக்குப் பிறகு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருத்தர் வந்தார். அவர் மனைவிக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்ததும் பின்னாலேயே போய்விட்டார். அடுத்து வந்த பையன் சூட்டைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனான், திரும்பவில்லை. அவனுடைய தலைக்கவசம் ரொம்ப நாள் மேசையிலேயே கிடந்தது. மானேஜர் சார் காலேஜ் காலேஜாகப் போன் செய்தார். மெஷின் படிப்புப் படித்தவனெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் ஏசியில் இருக்கிறானாம்.

நீ படுக்கையில் கிடந்தபோது இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. வலியோடு இருந்தவளுக்கு இந்தப் பயமும் எதற்கு?

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அம்பூரிப் பக்கமிருந்து ரப்பர் பால் வண்டியில் வரும். கை வடிவப் பீங்கான் அச்சுகளை அந்தப் பாலில் முக்கிச் சூட்டறைக்குள் விட்டால் உறை பதமாகும். அந்தச் சூடு பாய்லரின் ஆவிதான். ஆவி நின்றால் கம்பெனி நிற்கும். அளவு மீறினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்பெல்லாம் பாடிக்கொண்டே வேலை செய்வோமே, இப்போது யாரும் பாடுவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறோம். 'புஸ்' என்று ஒரு சத்தம் கூடினால் எல்லார் கையும் நின்றுவிடும்.

அபிஷா அந்த நேரம் படிப்பை முடித்துவிட்டு நம் வீட்டில் என்னோடு இருந்தாள். அவளுடைய பெரியப்பா குவைத்தில் வேலைக்கு ஏற்பாடு செய்து கொண்டிருந்தார். எப்படியோ கேள்விப்பட்டு, மானேஜர் சார் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சேச்சி, ஆளு கிட்டாம நான் படுற பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். விசா வர்ற வரைக்கும் மோள் நின்னா மதி, அது போதும்" என்றார்.

"எங்க அக்காவுக்க ஒரே பிள்ளையாக்கும் சாரே. அந்தச் சூட்டுக்க பக்கம் விடதுக்கு எனக்குப் பேடியா இருக்கு" என்று என் பயத்தைச் சொன்னேன்.

அபிஷா உள்ளேயிருந்து வந்தாள். "சித்தி, நீங்க தெனமும் அங்கதானே போறீங்க. ஒங்களுக்குப் பேடி இல்லியா?"

அடுத்த திங்கள்கிழமை அவள் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

சேர்ந்து கொஞ்ச நாளில் அது நடந்தது. பாய்லரில் ஆவி அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியே விடுகிற வால்வு ஒன்று உண்டு. ஷிபு சார் போன பிறகு அது கசிய ஆரம்பித்திருக்கிறது. கசிந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் கையுறை பதமாகாது, பதமாகாவிட்டால் வசவு. அதனால் பாய்லர் ஓட்டுகிற ராஜன் அண்ணன் வால்வின் திருகை இறுக்கிவிட்டார். மறுபடி கசிந்தது, மறுபடி இறுக்கினார். கேட்கவும் சொல்லவும் இன்ஜினியர் என்று ஒருத்தர் இல்லை. அவர் நல்ல மனுஷன் அக்கா, உனக்கே தெரியும். கசிவு நின்றதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அபிஷா அதைப் பார்த்ததும், ஆவி மீறினாலும் இனி வால்வு திறக்காது என்று நெருப்பை நிறுத்தச் சொல்லிவிட்டாள். வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கு வாசலில் லாரி நிற்கிறது. மானேஜர் ஓடி வந்தார்.

"எந்தா மோளே, இத்தனை மாசம் ஓடினது இன்னைக்கு ஓடாதா?"

"ஓடியிருக்கு சார், எப்படி ஓடிச்சுன்னுதான் தெரியல. புது வால்வு வராம நான் விடமாட்டேன்."

வால்வு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வந்தாலும் அதைச் சோதித்துப் பொருத்துகிற ஆள் இந்தப் பக்கத்துக்கெல்லாம் ஒரே ஒருத்தர். அவருக்கு எங்கும் வேலை. கம்பெனி அடைத்துக் கிடந்தது. நம் பெண்களுக்குக் கூலி இல்லை. பஸ்ஸில் என் காதில் விழும்படியே பேசினார்கள்.

"பிள்ளைக்குப் பேடி. பேடிச்சவ வீட்டுல இருக்காண்டாமா?" என்றாள் ஸ்டெல்லா. நம் பேக்கிங் ஸ்டெல்லாதான், உன் அடக்கத்தில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவள். "கிரேசி, ஒனக்க அக்கா மொவகிட்ட நீயாச்சும் சொல்லப்பிடாதா?"

நான் வீட்டில் போய்ச் சொன்னேன். அபிஷா சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஆமா சித்தி, பேடிச்சுத்தான் நிறுத்தினேன். ஒங்க முதுகுக்குப் பின்னாலயாக்கும் அது இத்தனை நாளும் நின்னுது. நெனச்சா எனக்குச் சோறு எறங்கல்ல."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் சோற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சாப்பிடாமல் இருந்தேன்.

வால்வு வந்து பொருத்தி எல்லாம் ஓடத் தொடங்கிய வாரத்தில் குவைத் விசா வந்தது. இந்த முறை கேக் இல்லை. "நீங்க சொல்லுங்க சித்தி, போறேன்" என்று அவள் என் வாயைப் பார்த்தாள். நீ கடைசியாக என்னிடம் சொன்னது "பிள்ளையைப் பாத்துக்கோ" என்பதுதான். எப்படிப் பார்ப்பது என்று சொல்லாமல் போய்விட்டாயே. அனுப்பினால் அவள் தப்புவாள். அவள் போனபின் திருகை மறுபடி யாராவது இறுக்கினால், நிறுத்தச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இருக்கச் சொன்னால் எல்லாருடைய உயிரும் உன் பிள்ளையின் தலையில். இதில் எது பார்த்துக்கொள்வது?

புதன்கிழமை ஜெபம் நம் வீட்டில். பஸ்ஸில் பழித்த அதே ஸ்டெல்லா என் காதோரம் வந்து, "போவாண்டாம்னு சொல்லு கிரேசி, அவ இருந்தா ஒரு தைரியம்" என்றாள். விண்ணப்பம் கேட்டபோது அபிஷாதான் பேசினாள்.

"எனக்க விசாவுக்கு ஜெபிக்காண்டாம். எனக்க எடத்துக்கு ஒரு ஆளு வரணும்னு ஜெபியுங்க. இங்க யாருக்க பிள்ளையாவது வந்தாலும் போதும், வேலை நான் சொல்லிக் குடுக்கேன்."

ஸ்டெல்லாவின் மகனும் மெஷின் படிப்புத்தான், கடைசி வருஷம். அவள் தலையைக் குனிந்து பைபிளைப் புரட்டத் தொடங்கினாள். எல்லாருக்கும் இன்ஜினியர் வேண்டும் அக்கா, தன் வயிற்றில் பிறந்தவனாக மட்டும் இருக்கக் கூடாது. அவளை நான் குறை சொல்லவில்லை. மானேஜரிடம் அன்றைக்கு நானும் அதைத்தானே சொன்னேன்? அவள் மகனை வா என்று கூப்பிட எனக்கு வாய் ஏது? கடைசியில் யாரோ பாட்டை எடுத்துக் கொடுத்து அந்த நேரத்தை ஒப்பேற்றினார்கள்.

அபிஷா குவைத்துக்கு எழுதிவிட்டாள், இப்போது வரவில்லை என்று. பெரியப்பா போனில் கத்தினார். நானும் அவளிடம் கத்தினேன், பிறகு அழுதேன். "ஒரு ஆளு வரட்டு சித்தி, பொறவு பாப்போம்" என்கிறாள். அந்த ஆள் எப்போது வருவான்? எந்த வீட்டிலிருந்து வருவான்? இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை.

எனக்குப் பயம் தீரவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பேக்கிங் கம்பெனியின் முன்பக்கம் இருக்கிறது, பாய்லர் பின்பக்கம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வாதை. அதனால் மானேஜரிடம் சொல்லி, பாய்லருக்கு அடுத்த சூட்டறைப் பக்கம் வேலையை மாற்றி வாங்கிக்கொண்டேன். அங்கே வெக்கை அதிகம், யாரும் கேட்டுப் போகிற இடமில்லை. "ஒங்களுக்கு வட்டா சித்தி, கிறுக்கு புடிச்சிட்டா?" என்று அபிஷா சண்டை போட்டாள். போட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு வால்வும் தெரியாது, திருகும் தெரியாது. அவள் நிறுத்து என்று சொல்லும்போது அவள் பக்கத்தில் நிற்க மட்டும் தெரியும். அதை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன் அக்கா. காலையில் ஒரே பஸ்ஸில் போகிறோம். சாயங்காலம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே வருவோம்.

உன் மகளுக்குச் சித்தி,
உன் கூடப்பிறந்த
கிரேசி