தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரி

ஆகஸ்ட் 4, திங்கள்

வண்டி வந்துவிட்டது. மூடிப்போன ஒரு ஹோட்டலின் பழைய கோல்ஃப் வண்டி. சீட்டுக்கு அடியில் ஆறு பேட்டரி, ஆறும் செத்தவை. தம்பி சக்கர நாற்காலியிலிருந்தே குனிந்து பார்த்துவிட்டு, "மோட்டார் ஜம்முனு இருக்குக்கா. சாப்பாடுதான் இல்ல" என்று சிரித்தான். பாதி ஆயுளை லிஃப்ட் மெக்கானிக்காகக் கழித்தவன் இல்லையா. கால்கள் நின்றுபோன பிறகு அவன் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

எங்கள் வீடு குடியிருப்பின் மேட்டில், கடைசியில். கடை, பூங்கா எல்லாம் கீழே. நாற்காலியைச் சரிவில் தள்ளிப்போக என் முட்டியில் தெம்பில்லை. அதனால் அவனுக்கு ஜன்னலோடு சரி. காலுக்குப் பதிலாகக் கையால் அழுத்த ஒரு லீவர் மாட்டிக்கொள்வானாம். படம்கூட வரைந்துவிட்டான்.

ஆகஸ்ட் 9

பேட்டரிக் கடைக்காரர் வந்தார். வந்ததும் முதல் கேள்வி: "வண்டிய எத்தனை வருஷம் வச்சுக்கப் போறீங்க?" அவர் எல்லாரிடமும் கேட்பதுதான். "மூணு" என்றான் தம்பி, ஏதோ டீக்குச் சர்க்கரை சொல்வதுபோல.

மூன்று! போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் அதுதானே. "ரெண்டு வருஷம்மா. ரொம்ப நல்லா பாத்துக்கிட்டா மூணு." நான் அவனிடம் மூச்சுகூட விடவில்லை. எப்படித் தெரிந்தது? என் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

ஆகஸ்ட் 10

பழைய வகை என்றால் ஆறு பேட்டரி. மாதாமாதம் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், நாலு வருடம் வரும். லித்தியம் என்றால் ஒன்றே போதும். தண்ணீர் வேண்டாம், பத்து வருடம் ஓடும், விலைதான் அதிகம், சார்ஜரையும் மாற்ற வேண்டும். லித்தியம்தான் என்றேன் நான்.

"பத்து வருஷத்த வாங்கி நான் என்னக்கா பண்றது?"

"வாயக் கழுவுடா!"

கத்திவிட்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "தொட்டி காலியாயிடும்க்கா."

ஆகஸ்ட் 17

பேச்சுவார்த்தை இல்லை. தட்டுகள்தான் பேசிக்கொள்கின்றன.

ஆகஸ்ட் 23

பத்து வருடப் பேட்டரி போட்டால் அவனும் பத்து வருடம் இருந்துவிடுவானா? பைத்தியக்காரத்தனம். தெரிந்தேதான் அடம்பிடிக்கிறேன். நாலு வருடப் பேட்டரிக்குச் சரியென்று தலையாட்டினால், டாக்டர் சொன்னதற்கும் தலையாட்டிய மாதிரி. மாட்டேன். என்னால் முடியாது.

ஆகஸ்ட் 30

ஒப்புக்கொண்டுவிட்டான்! காலையில் அவனாகவே, "சரி, லித்தியமே போட்டுடலாம். யோசிச்சுப் பாத்தேன், நீ சொல்றதுதான் சரி" என்றான். நான் சொன்னது சரி என்று அவன் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. என்னமோ அவன் கையடித்து எனக்கு வாக்குக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நான் வரவேற்பில் உட்காரும் பல் ஆஸ்பத்திரியில் இன்று வந்த எல்லாரையும் "வாங்க வாங்க" என்று கல்யாண வீடுபோல வரவேற்றேன். பல்லைப் பிடுங்க வந்தவர்கள் பயந்தே போயிருப்பார்கள்.

செப்டம்பர் 6

பேட்டரி மாட்டியாயிற்று, கை லீவரும். அப்புறமும் கடைக்காரர் கீழே உட்கார்ந்து பெடல்மேல் ஒரு கட்டையை வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார். "அவனுக்குத்தான் லீவர் இருக்கே, இது எதுக்கு?" என்றேன்.

"உங்க காலுக்கும்மா. எட்டாதுன்னு சார்தான் அளவு சொன்னாரு. லித்தியம் போடச் சொன்னதே உங்களுக்காகத்தானே. 'அக்கா தண்ணி ஊத்த மறந்துடுவா'ன்னாரு."

தம்பியைப் பார்த்தேன். அவன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பின்ன என்ன, இன்வெர்ட்டர் பேட்டரிய ரெண்டு தடவ காயப்போட்டுக் கொன்னவதானே நீ. உன் முட்டி இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மேட்ட ஏறும்? எனக்கப்புறம் ஓட்டு."

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அப்புறம் அந்த மனிதர் எதிரிலேயே ஓவென்று அழுதேன். நான் வென்றதாக நினைத்த அன்றைக்கு அவன் தான் இல்லாத நாளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். பாவி.

அக்டோபர் 12

தினமும் மூன்று தடவை கீழே போய் வருகிறான். பையோடு மேடு ஏறுகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொள்கிறான். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட் கொடுப்பதாக அவனே சொல்லி அவனே சிரிக்கிறான்.

மார்ச் 2

கையும் விட்டுவிட்டது. லீவரை அழுத்த முடியவில்லை. இன்று நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில். "பிரேக்க மிதிக்கா. தடவிக் கொடுக்காத." கண்ணீரில் பாதை தெரியவில்லை. செடிக்குள் விட்டேன். அதற்கும் சிரித்தான்.

நவம்பர் 19

அவன் போனபின் இன்றுதான் வண்டியை எடுத்தேன். டாக்டர் சொன்ன இரண்டு வருடத்துக்குக்கூட அவன் நிற்கவில்லை.

மேடு தொடங்கும் இடத்தில் எதிர்வீட்டு வாத்தியார் அரிசிப் பையோடு நின்றார். நிறுத்தினேன். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "வேணாம்மா, அது தம்பி இடம்" என்று பின்னால் ஏறிக்கொண்டார். அவரை இறக்கிவிட்டுச் சார்ஜரைச் செருகினேன். அப்புறம் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன், ரொம்ப நேரம்.