பெரிய மாப்பிள்ளையின் லைன்

மாசி 12, வியாழன்

காலையில் நல்ல பனி. கேபிள் ரோல் இரண்டையும் மாடியில் விரித்துச் சோதித்தேன். ஒரு முனை போச்சு. வெட்டி வேறு மாட்டியாயிற்று.

ஞாயிறு, மாமனார் ஊர் சிவன் கோவில் கும்பாபிஷேகம். அந்தப் பக்கம் ஃபைபர் லைன் கிடையாது. ராவுட்டரில் போன் சிம்களைப் போட்டு நெட் எடுத்து, அங்கிருந்து கேமராவுக்குக் கேபிள் இழுக்கணும். சிங்கப்பூரில் இருக்கிற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் நேரலையில் பார்ப்பார்கள். மாமா திருப்பணிக் கமிட்டியில் இருக்கிறார். வேலை யாருக்கு? சகலை செந்திலுக்கு. என் பெண்டாட்டி மாலாவிடம் போனில் சொல்கிறார்: "பெரிய மாப்பிள்ளையும் வரட்டும்மா, சின்னவருக்கு ஒத்தாசையா இருக்கும்."

ஒத்தாசையாம்! கேபிளுக்குள் எந்தக் கலர் கம்பிக்குப் பக்கத்தில் எது என்று அவனுக்குக் காட்டியதே நான். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மாலா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே கற்றுக்கொண்டான். இப்போது அவனிடம் ஆறு சிம் ராவுட்டர். என்னுடையது நாலு.

எடுத்துப் போக: ராவுட்டர், சுவிட்ச் 2, யுபிஎஸ், டேப், கட்டிங் பிளேயர், பட்டு வேட்டி.

மாசி 13, வெள்ளி

ஊர் வந்தாச்சு. அறுத்த வயலெல்லாம் உளுந்து. அவன் வண்டி முன்னாடியே நிற்கிறது, கதவில் பெரிதாக ஸ்டிக்கர். அத்தை அவன் இலையில் கேட்காமலே இரண்டாவது வடை வைத்தார்கள். என்னைப் பார்த்து, "உங்களுக்கு வேணுமா மாப்ள?" கேள்வி எனக்கு, வடை அவனுக்கு.

நேராக மாமாவிடமே போனேன். "கேமரா லைன் நான் பாக்குறேன் மாமா. முன் மண்டபத்து மேல்தளம் எனக்கு வேணும்." அவர் செந்திலைப் பார்த்தார். அவன் உடனே, "அண்ணனே பாக்கட்டும் மாமா. நான் பந்தல் திரையும் போலீஸ் கேமராவும் பாத்துக்குறேன்." சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மேல்தளத்தில் சிக்னல் அருமை. அவன் கீழே சாமான் அறையில். ஆன்டெனாவை மட்டும் வெளியே மூங்கிலில் கட்டி, ராவுட்டர் பெட்டிக்கு உரச் சாக்கின் உள்பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டிருந்தான். "மாசியில மழையா தம்பி?" என்றேன். "மழைக்கில்லண்ணே..." மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை.

அவனுக்குச் சிக்னல் இரண்டு கட்டை. எனக்கு நாலு. சந்தோஷம். எழுதுவதற்கு என்ன வெட்கம், பெரிய சந்தோஷம்.

மாசி 14, சனி

வெயில். நாதஸ்வரக்காரர்கள் வந்துவிட்டார்கள். தலைவலி.

செந்தில் மேலே வந்தான். "என் சுவிட்ச்லேர்ந்து ஒரு கேபிள் மேல குடுத்துடட்டுமாண்ணே? ஒன்னு படுத்தா ஒன்னு இருக்கும்." "என் லைன் படுக்காது" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கைப்பிடிச் சுவரோரம் ஒரு கேபிள். முனையில் பாலித்தீன் கவர், சுருட்டி அழகாகக் கட்டியிருந்தான். அவிழ்த்து எறியவும் மனசில்லை, மாட்டவும் மனசில்லை. மாலாவிடம் சொன்னால், "அவர் நல்லதுக்குத்தாங்க செய்வாரு." பெண்டாட்டியும் அந்தக் கட்சி.

மாசி 15, ஞாயிறு



கலசத்தில் நீர் ஊற்றும்வரை படம் ஓடியது. கீழே ஊரே கை தூக்கி "ஓம் நமசிவாய". பிறகு மோட்டாரைப் போட்டு, பைப்பில் புனித நீரைக் கூட்டத்தின் மேல் பீய்ச்சினார்கள். பீய்ச்சியவர் நின்றது என் மேல்தளத்தில். தெளிப்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை? செந்திலுக்கு முன்னால் இடம் பிடிப்பதிலேயே புத்தி இருந்தது. கேமராக்காரர்கூடக் கேமராவுக்கு உறை போட்டிருந்தார். என் ராவுட்டர் மேசை மேல், திறந்தபடி. அதன் விளக்கெல்லாம் அணைந்தது.

சிங்கப்பூரிலிருந்து மாமாவின் தம்பி போன்: "மாப்ள, படம் நின்னுடுச்சே!"

சுவிட்ச் மேசைக்கு அடியில் இருந்ததால் தப்பியது. அந்தக் கேபிளின் கவரைப் பல்லால் கிழித்து அதில் சொருகினேன். ஓடியது. தீபாராதனை முழுக்க ஓடியது, அவன் நெட்டில்.

பந்தியில் மாமா எல்லோரும் கேட்க: "பெரிய மாப்பிள்ளை லைன், படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சாம்ல!" செந்தில் பக்கத்து இலை. சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "அண்ணன் புடிச்ச எடம் அப்படி மாமா."

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கணும். பாயசம் வந்தது, குடித்தேன்.

மாசி 16, திங்கள்

தஞ்சாவூர். ராவுட்டரை அரிசி டின்னில் புதைத்து வைத்திருக்கிறாள் மாலா. எடுத்துப் பார்த்தேன். எரியவில்லை.

மாமாவிடம் சொன்னால் அவனுக்குப் பெயர். சொல்லாவிட்டால் எனக்குப் பெயர், ஆனால் அவன் தந்த பெயர். எது மோசம் என்றே தெரியவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்காட்டியிருந்தால் அவனை நிம்மதியாகத் திட்டலாம். அதையும் செய்யவில்லை பாவி.

மாலை மாமா போன். வைகாசித் தேருக்கும் நானே பார்க்கணுமாம். "சின்னவர் ஒங்களுக்கு ஒத்தாசைக்கு வரட்டும்."

கேட்கத் துடித்த சொல். "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்று வைத்துவிட்டேன்.

செந்திலைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்கண்ணே. ராவுட்டர் எரியுதா? இல்லன்னா என்னோடத எடுத்துக்குங்க."