கோர்ட் வாசலில் சொல்லாமல் விட்டது

அக்கா,

இன்று ரேஷன் கார்டு தொலைந்ததென்று எழுதிக்கொடுக்க இங்குள்ள காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். நல்ல மழை. ஆணியில் தொங்கிய ரெயின்கோட்டுகளின் ஈர ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். உங்களை முதலில் பார்த்த அன்றும் இதே வாசனைதான்.

எண்பதுகளின் ஒரு மழைக்காலம். தோல் பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்த என் கணவரை யாரோ கைக்கடிகாரத்துக்காகக் குத்திக் கொன்ற மறுநாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வாக்கப்பட்டுத் தாராவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்டேஷனில் ஹவல்தார் மராத்தியில் கேட்டார், பிறகு ஹிந்தியில். எனக்கு அழுகைதான் வந்தது. என்னைப் போன்றவர்களுக்குத் துணையிருக்கவே அந்த ஸ்டேஷனில் உங்களைச் சமூக சேவகியாக வைத்திருந்தார்கள் என்பது அப்போது தெரியாது. உங்கள் மாட்டுங்கா ஐயர் வீட்டுத் தமிழைக் கேட்டதும்தான் நிமிர்ந்தேன்.

"எங்கிட்ட தமிழ்லயே சொல்லு, நான் அவாளுக்குச் சொல்றேன். அழணும்னா அழு. சாஹேப் காத்துண்டிருப்பார்."

"எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குக்கா."

அவரும் காத்துத்தான் இருந்தார்.

பிணவறைக்கும் கோர்ட்டுக்கும் நீங்களே கூட வந்தீர்கள். கண்ணால் கண்ட டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, தான் எதையும் பார்க்கவில்லை என்றார். பிடிபட்டவன் விடுதலையானான். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் அழுதீர்கள்.

"உன்னை இத்தனை அலைய வச்சும் ஒண்ணும் பண்ண முடியலையேடி."

நான் வாயடைத்து நின்றேன். பிறகு உங்களை வேறெங்கோ மாற்றினார்கள். நானும் மாமியாரும் இந்தக் கோவண்டிக்கு வந்துவிட்டோம். நீங்கள் இறந்து வருஷங்கள் ஆயின என்று போன மாதம்தான் கேள்விப்பட்டேன்.

தீர்ப்பை நினைத்து அழுதீர்களே, நீங்கள் எனக்குச் செய்தது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? "வந்த வருஷமே எம்புள்ளைய முழுங்கிட்டா" என்று கொலை நடந்த புதிதில் மாமியார் என்னை ஒதுக்கி வைத்திருந்த நாளில், சேற்றில் நடந்து எங்கள் சந்துக்கு வந்தீர்கள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, மகனைப் பற்றி அவர் பேசியதையெல்லாம் கேட்டீர்கள். கடைசியில்தான் சொன்னீர்கள்: "அம்மா, குத்தினவன் எவனோ. இந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?"

நீங்கள் போன பிறகு மாமியார் சோற்றைப் பிசைந்து நீட்டி, "ஏட்டி, ஒரு வாய் சாப்புடு" என்றார். அதற்கப்புறம் நாங்கள் பிரியவே இல்லை. அவர் உயிர் என் மடியில்தான் போனது.

இதை அன்று கோர்ட் வாசலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்காக ஒன்றும் செய்ய முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டீர்களே, அக்கா. அதுதான் ஆறவில்லை.