நாலு விரல் இடைவெளி

மானிப்பாய்ச் சந்தியில் இன்று காலை ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை மதிலில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஒருவர். வாளியில் இருந்த கோதுமை மாப் பசையின் மணம் மூக்கில் ஏறியதும் அங்கே நிற்க முடியவில்லை. தள்ளிப்போய் ஒரு கடை வாசலில் நின்றேன். அதற்குள் பஸ்ஸும் போய்விட்டது. உன்னுடைய நோட்டீஸும் இதே மதிலில்தான் இருந்தது. மழையில் ஊறிக் கிழிந்து, இப்போது உன் நெற்றியும் ஒரு காதும் மட்டும் மிச்சமாக இருக்கின்றன.

அந்த மணம் உனக்கும் எனக்கும் முதலில் சாவை நினைவூட்டியதில்லை. உடுவிலில் நாம் ஏழாம் வகுப்புப் படித்தபோது வந்த மணம் அது. பொம்மர் விமானங்கள் வரத் தொடங்கிய காலம். குண்டு விழுந்தால் கண்ணாடி சிதறிப் பிள்ளைகள் மேல் குத்தும் என்று, பழைய பேப்பரைக் கீலங்களாக வெட்டிச் சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் மறுக்கும் ஒட்டச் சொன்னார்கள். முதல் நாள் மாப் பசை. பிறகு மாவுக்குத் தட்டுப்பாடு வர, சோற்றை மசித்து ஒட்டினோம். நாங்கள் இருந்து படிக்கிற வாங்கில் நான் ஏறி நின்று கோணல்மாணலாக ஒட்டுவேன். கீழே வாங்கைப் பிடித்துக்கொண்டு நீ கத்துவாய்.

"நேரா ஒட்டடி! நாளைக்கு உதுக்குள்ளாலைதான் வெளியை பாக்கப்போறம்."

ஒருநாள் பக்கத்தில் எங்கோ குண்டு விழுந்தது. எல்லாக் கண்ணாடியும் வெடித்தது, ஆனால் ஒன்றும் விழவில்லை. வெடித்த துண்டுகள் அத்தனையும் கடதாசியைப் பிடித்துக்கொண்டு தொங்கின. மேசைக்குக் கீழே கிடந்த நீ தலையை வெளியே நீட்டி, "பாத்தியா, சோத்துக்கு எவ்வளவு பலம்" என்றாய். நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம்.

நான் மட்டும் அந்தக் கடதாசியை மன்னிக்கவே இல்லை. எத்தனை வருடம் அதற்குப் பின்னால் இருந்தோம்! வெளிச்சம்கூடத் துண்டு துண்டாகத்தான் வந்தது. பெரியவளானதும் கடதாசி இல்லாத ஒரு சன்னல் கட்டுவேன் என்று உன்னிடம் சபதம் போட்டேன். "கட்டு. நான் வந்து அதுக்கு முன்னாலை இருக்கிறன்" என்றாய்.

கட்டினேன். புத்தூர்ச் சந்தியிலிருந்து உள்ளே போகும் பாதையில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, ஊரவர்களின் புது வாசிகசாலை. கிழக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. நிலத்திலிருந்து கூரை வரைக்கும் ஒரு கம்பியோ ஒரு சட்டமோ கண்ணில் படாது. உள்ளே இருந்து பார்த்தால் வேம்பும் பூவரசும் செம்மண்ணும் அறைக்குள் வந்துவிட்டது போலத் தெரியும். திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். அங்கே நூலகராக வந்த நீ, கண்ணாடிக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு, "சொன்ன மாதிரி வந்திட்டன்" என்று உட்கார்ந்தாய். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த ஐப்பசியில்தான் உன் போன் வந்தது.

"எடியே, ஆறுமணிக் குருவி ஒண்டு கண்ணாடியிலை அடிபட்டுச் செத்துக் கிடக்கு. நேற்றும் ஒண்டு."

மாரி தொடங்கும்போது இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகிற குருவி அது. இரவெல்லாம் பறந்து களைத்து வருவது, கண்ணாடியில் தெரிகிற வேம்பை உண்மையான வேம்பென்று நம்பி இறங்குகிறது. இதை எனக்கு விளக்கியது நீதான். கட்டடக்கலை படித்த எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே திரை போடச் சொன்னேன். ஒரு கிழமையில் திரும்பப் போன் எடுத்தாய். "திரை போட்டா இன்னும் மோசமடி. உள்ளுக்கு இருட்டினா அது முகம் பாக்கிற கண்ணாடி ஆகிடுது. வெளிப்பக்கமாக் கீலம் ஒட்டுவம். நாங்கள் பள்ளிக்கூடத்திலை ஒட்டின மாதிரி, ஆனா நெருக்கமா. நாலு விரல் இடைவெளி விட்டாப் போதும். அதுக்குள்ளாலை பூந்து போகலாமெண்டு குருவி நினைக்காது."

நான் உன்னிடம் கத்தினேன். "சண்டைக்காலக் கடதாசியை என்ரை கண்ணாடியிலை ஒட்ட விடமாட்டன். வேணுமெண்டா என்ரை தலையிலை ஒட்டு." "சரி, கத்தாதை" என்று சொல்லிப் போனை வைத்தாய்.

அதற்குப் பிறகு நீ குருவிகளைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அடுத்த ஐப்பசியில் நானாகக் கேட்டபோது, "இப்ப குறைவடி" என்றாய். குருவிகள் பழகிவிட்டன என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீ பாதியாகியிருந்தாய். வீட்டைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கதைத்துவிட்டு, நான் எழும்பும்போது கையைப் பிடித்தாய். "ஐப்பசி வருது. அந்தக் கண்ணாடியை யோசிச்சனியே?" நான் "பிறகு பாப்பம், நீ முதல்லை சுகமாகி வா" என்றேன். நோயாளியிடம் யாரும் சொல்லுகிற சாதாரண வார்த்தைதான். நான் சொன்னது நழுவுவதற்காக. உனக்கு அது தெரிந்திருந்தது. புரட்டாசி முடியமுன் உன்னைச் சேமக்காலை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோம்.

உன் மேசையில் கிடந்தவற்றை எடுக்க ஐப்பசியில் வாசிகசாலைக்குப் போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். அங்கே கூட்டித் துடைக்கிற பரிமளக்கா என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, கையிலிருந்த வாரியலால் எதையோ மறைத்தார். கண்ணாடியின் அடியில் மூன்று குருவிகள் கிடந்தன. ஒன்றைத் தூக்கினேன். இன்னும் சூடு ஆறவில்லை. பச்சை முதுகு, வாலடியில் இரத்தச் சிவப்பு. கையில் பாரமே தெரியவில்லை.

"மிஸ்தான் ஒவ்வொரு நாளும் ஆக்கள் வரமுதல் வந்து பொறுக்கிப் புதைக்கிறவ" என்றார் பரிமளக்கா. "அந்தப் பூவரசுக்குக் கீழைதான் எல்லாம். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. சின்னனிலை இருந்து ஆசைப்பட்டுக் கட்டினவள், அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போவாள் எண்டு சொல்லுவா."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். எனக்காக நீ புதைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். அந்த நேரம் உன் மேல் எனக்கு வந்தது கோபம்தான். ஏனடி எனக்குச் சொல்லவில்லை? பிறகுதான், நீ சொன்னது நினைவுக்கு வந்தது. போனிலும் சொன்னாய், ஆஸ்பத்திரியிலும் சொன்னாய்.

உன் மேசை லாச்சிக்குள் பேப்பர் கீலங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாம் ஒரே அகலம், நேராக வெட்டியவை. அவற்றுக்கு மேலே ஒரு சணல் கயிறு, அதில் ஒரே அளவாக முடிச்சுகள். முடிச்சுகளுக்கு நடுவே என் நாலு விரலை வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. என் விரல்கள் தடிப்பு. அது உன் கையின் அளவு.

அன்றே பசை காய்ச்சினேன். வாசிகசாலைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, திரும்பச் சண்டை வரப்போகுதோ?" என்று முகம் சுளித்தார். "இல்லை ஐயா, இது நான் செய்த பிழை" என்றேன். இரண்டாம் நாள் அடித்த மழையில் கீலமெல்லாம் கழன்று மண்ணில் கிடந்தது. அதற்குப் பிறகு வெள்ளைப் பெயின்றால், உன் கயிற்றை மேலே பிடித்துக் குறித்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நெடுகக் கோடு கீறினேன். பரிமளக்கா ஏணியைப் பிடித்தார்.

ஆனால் என் புத்தியைப் பார். உன் கதிரைக்கு நேரே இருந்த ஒரு கண்ணாடியை மட்டும் கீறாமல் விட்டேன். நீ இருந்து பார்த்த இடம், உன் நினைவாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் விடிய, அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு குருவி கிடந்தது. அது உன் நினைவுக்காக விட்டதல்ல, என் ஆசைக்காக விட்டது. உன் பெயரைச் சொல்லி அதையும் கொன்றேன். நானே பூவரசுக்குக் கீழே தோண்டினேன். இரண்டு முறை மண்வெட்டி போட்டதும் சின்னச் சின்ன எலும்புகள் வந்தன. இடம் மாற்றித் தோண்டினேன். அங்கேயும் வந்தன.

அன்று மத்தியானமே அந்தக் கடைசிக் கண்ணாடியிலும் கோடு கீறினேன். இப்போது உன் கதிரையில் இருந்து பார்த்தால் வேம்பு துண்டு துண்டாகத்தான் தெரிகிறது, ஏழாம் வகுப்பில் தெரிந்தது போல. மாரி முடியும்வரை ஒவ்வொரு நாளும் விடிய பரிமளக்காவிடம் போன் எடுத்துக் கேட்டேன். "இண்டைக்கு ஒண்டுமில்லை, பிள்ளை" என்பார். யாரிடமாவது அதைச் சொல்லவேண்டும் போல இருக்கும். சொல்ல வேண்டிய ஆள் நீதான்.

இன்று அடுத்த பஸ்ஸைப் பிடித்து அலுவலகம் போனேன். ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் மண்டபத்துக்கு வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறோம். கண்ணாடியில் கோடுகளுக்கு இடையே நாலு விரல் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். என்னோடு வேலை செய்கிற பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஆரின்ரை விரல், மிஸ்? ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுமெல்லோ" என்றாள்.

சரியான கேள்விதான். கைப்பையைத் திறந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தேன்.

"முடிச்சுக்கு முடிச்சு அள. அளந்திட்டுக் கயிறை என்னட்டைத் திருப்பித் தா."